அல்பேனியம் கரைத்துக் குடித்த அண்ணை

ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்தாரில், அல்பேனிய மொழியை வைத்துப் பந்தா காட்டிய ஒரே மனிதர் டொல்மெச்சர் அண்ணைதான். டொல்மெச்சர் என்றால் ஜெர்மனில் வாயால் மொழிபெயர்ப்பவர். அவருடைய சொந்தப் பெயர் அகதி விண்ணப்பத்தில் மட்டும்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டோர்ட்மண்ட் அகதி விடுதியில் நாங்கள் எட்டுத் தமிழர். மிச்சம் எல்லாம் கொசோவோவிலிருந்து வந்த அல்பேனியர். சமையலறையில் அடுப்பு ஒன்றே ஒன்று. அதற்காக நாங்கள் சண்டை பிடித்த நேரத்தில், அண்ணை தன் அறைத்தோழன் அகிமோடு வாயாடி வாயாடியே ஒரு வருடத்தில் அல்பேனியத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார். தனக்குத் தெரியாத சொல் அந்த மொழியிலேயே இல்லை என்பார்.

உடனே அறைக்கதவில் ஓர் அட்டை தொங்கியது. ‘அல்பேனியம் – ஜெர்மன். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர். டெர்மின் எடுத்து வரவும்.’ டெர்மின் என்றால் முன்கூட்டியே குறித்த நேரம்; பக்கத்துக் கட்டிலில் படுக்கும் அகிமுக்கும் விதிவிலக்கு இல்லை. வட்ட முத்திரை இல்லாத கடிதத்தை ஜெர்மன்காரன் கடிதமாகவே மதிக்கமாட்டான் என்பதால், உருளைக்கிழங்கில் அல்பேனியக் கொடியிலுள்ள இரட்டைத்தலைக் கழுகு ஒன்றைச் செதுக்கினார். மூன்றாம் நாள் கிழங்கு வதங்கிக் கழுகு கோழியாகிவிடும். அப்படியும் எந்த அரசாங்கக் கந்தோரும் கேள்வி கேட்கவில்லை. வட்டமாக இருந்தால் அவர்களுக்குப் போதும்.

கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பல் வைத்தியரிடம் அகிமைக் கூட்டிப் போனார். அகிம் இருமினால், “இப்போது இருமுகிறார்” என்று மொழிபெயர்த்தார். வலியில் அகிம் வைத்தியரின் தாயாரைப் பற்றி ஏதோ முனக, அதையும் ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் ஒப்புவித்தார். அதற்குப் பிறகு வைத்தியர் ஊசி போடாமலே பல்லைப் பிடுங்கினாராம். “ஏன் அண்ணை அதைச் சொன்னனீங்கள்?” என்று கேட்டேன்.

“நான் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். அதுதான் தொழில்” என்றார்.

பிறகு அகிமின் அகதி விசாரணை வந்தது. நிராகரித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; ஊரில் பொலிஸ் அவரைத் தேடிக்கொண்டிருந்தது. அன்றைக்கென்று வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. துணைக்குப் போயிருந்த அண்ணையின் கழுத்துப்பட்டியைப் பார்த்து அதிகாரி அவரை உள்ளே கூப்பிட்டார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

கால் மணித்தியாலத்தில் அண்ணை முகம் வெளிறி வெளியே வந்தார்.

“ஒரு சொல் விளங்கேல்லை” என்றார்.

விடுதி விடுமா? அட்டை அன்றே இறங்கியது. கடைசிக் கழுகு குழம்புக்குள் போனது. அவரைக் கண்ட இடமெல்லாம் அல்பேனியத்தில் உப்புக்கு என்ன, புளிக்கு என்ன என்று கேட்டுச் சிரித்தோம். அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தலைவன்.

இரண்டு வருடம் கழித்து, ஓரளவு ஜெர்மன் பேசப் பழகிய அகிம் நடந்ததைச் சொன்னார். எப்படி வந்தாய் என்று அதிகாரி கேட்டாராம். இந்த அப்பாவி அகிம், ஆஸ்திரியா வழியாக ‘கமியோனில்’ வந்தேன் என்று அல்பேனியத்தில் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். கமியோன் என்றால் லொறி. அகிம் தன் லொறிக் கதையைச் சமையலறையில் தினமும் சொன்னதால், ஒரு மண்ணும் தெரியாத எனக்கே அந்தச் சொல் தெரியும். ஆனால் ஆஸ்திரியா போன்ற பாதுகாப்பான நாட்டைத் தாண்டித் தரைவழியாக வந்தவனுக்குத் தஞ்சம் இல்லை என்பது அன்றைய சட்டம். அதைச் சொன்னால் அகிம் தொலைந்தார். பொய் சொல்லவும் அண்ணைக்கு ஏலாது.

அதனால் அண்ணை, இந்தச் சொல் தனக்குத் தெரியாது, உண்மையில் தனக்கு அல்பேனியமே சரியாக வராது, இதுவரை சொன்னதை எல்லாம் வெட்டிவிடுங்கள் என்றாராம். அதிகாரி கத்திவிட்டு வேறு டெர்மின் கொடுத்தார். அந்த இடைவெளியில் அகிம் ஒரு வக்கீலைப் பிடித்தார். தங்க அனுமதியும் கிடைத்தது.

அண்ணை அப்போது ஒரு பேக்கரியில் வேலை. நேரே ஓடினேன்.

“இதை ஏன் அண்ணை எங்களிட்டைச் சொல்லேல்லை? இவ்வளவு நாளும் சிரிச்சமே.”

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “உள்ளுக்கை கேட்டதை டொல்மெச்சர் வெளியிலை கதைக்கக் கூடாது, தம்பி.”

மன்னிப்புக் கேட்கப் போன நான், இரண்டு பாண் வாங்கிக்கொண்டு திரும்பினேன். டோர்ட்மண்டை விட்டுப் போகும்வரை வேறு கடையில் பாண் வாங்க எனக்கு மனம் வரவில்லை.