அத்தை: பதில் இல்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் அத்தையும் நலம் என்றே கேள்வி. நேரில் விசாரிக்க வழியில்லை, பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது. போனில் சொல்லாமல் கடுதாசி எதற்கு என்பீர்கள். நான் போனைக் கையில் எடுத்தாலே அவள் பார்க்கிற பார்வை சரியில்லை.

போன தடவை வந்தபோது, ரிட்டயர் ஆன மனுஷர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று இரக்கப்பட்டு, முன் அறையில் அத்தை நடத்தும் பிரின்டிங் கடைக்கு ‘பிங்’ காவல் போட்டுக் கொடுத்தீர்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்று ரவுட்டரையும் பிரின்டரையும் வாசல் கேமராவையும் ஓயாமல் “இருக்கியா?” என்று கேட்கும், “இருக்கேன்” என்று பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு, கூடவே சங்கு ஊதும், எனக்கு மெயிலும் வரும் என்றீர்கள். மெயில் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். “ரவுட்டர் செத்துவிட்டது” என்ற மெயில், ரவுட்டர் பிழைத்து எழுந்த பிறகு அதன் வழியாகவே வந்தது. செத்தவனே வந்து சாவு சொன்ன மாதிரி இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் பிரின்டருக்குள் தாள் சிக்கிக்கொண்டது. வாடிக்கையாளர் காத்து நிற்கிறார், நான் திரையைக் காட்டி, “பச்சையா இருக்கே, பிரின்டர் நல்லாத்தான் இருக்கு” என்று வாதாடினேன். அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “கூப்பிட்டா ‘ம்’னு சொல்லும், வேலை மட்டும் நடக்காது. யாரைப் பாத்துக் கத்துக்கிச்சோ!” என்றாள். வாடிக்கையாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அத்தையின் போனையும் காவலில் சேர்த்துவைத்தேன். நல்லெண்ணம்தான் மாப்பிள்ளை, வேறொன்றுமில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து சற்று நேரத்தில் சங்கு ஊதியது. திரையில், “அத்தை: பதில் இல்லை.” அவளுக்கே போன் போடலாம் என்றால், செத்த போனுக்குப் போட்டு என்ன பிரயோஜனம் என்று விட்டுவிட்டு, அவள் அக்காவுக்குப் போட்டேன். அக்கா அழுதுகொண்டே ஆட்டோவில் வந்து இறங்கினாள். மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார், எதிர்க்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். “கடைசியா எங்க சார் பாத்தீங்க?” என்று மாடி வீட்டுக்காரர் கேட்க, “திரையிலதான், பச்சையா இருந்தா” என்று நானும் அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, படுக்கையறைக் கதவு திறக்கிறது. அத்தை கொட்டாவி விட்டபடி நிற்கிறாள். “ஏங்க, யாருக்கு என்ன ஆச்சு? அக்கா ஏன் அழுவுறா?”

போன் தலையணைக்கடியில் அவளோடு சேர்ந்து தூங்கியிருக்கிறது. தூங்குகிற போன் பதில் சொல்லாதாமே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாப்பிள்ளை? “இத்தனை பேர் இருக்கீங்க, கதவைத் தொறந்து பாக்கணும்னு ஒருத்தருக்குமா தோணல?” என்று கேட்டாள். தோன்றவில்லை. திரைதான் இருக்கிறதே.

அன்று மூடிய வாய்தான். என்னைக் கடைக்குள்ளும் விடுவதில்லை. தட்டு வருகிறது, “சாப்பிடுங்க” வருவதில்லை. சமையலறை வாசலில் நின்று நானே “இருக்கியா?” என்று கேட்டுப் பார்த்துவிட்டேன். கரண்டிச் சத்தம் மட்டும் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள் நாலு வார்த்தை திட்டாமல் எனக்குச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. ஆகவே இந்தக் கடுதாசியைத் தந்தியாகப் பாவித்து, உடனே வந்து இந்தச் சனியனைக் கழற்றி எடுத்துப் போகவும்.

பாப்பாவுக்கு என் ஆசிகள். உங்கள் வீட்டில் எல்லாம் என்றென்றும் பச்சையாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பதில் கிடைக்காத மாமனார்

பி.கு.: உறையை ஒட்ட, கடையிலிருக்கும் பசையைத் தொட அனுமதி இல்லாததால், தெருமுனைக்குப் போய் வாங்கி வந்தேன். திரும்பினால் வீடே சங்கு ஊதுகிறது. கம்ப்யூட்டர் முன்னால் உங்கள் அத்தை. திரையில் சிவப்பாக என் போன்! தெருமுனை வரை நம் வைஃபை எட்டாதல்லவா? நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவளும் கவனித்திருக்கிறாள், என்னையும் சேர்த்துவிட்டிருக்கிறாள். “சொல்லாம கொள்ளாம எங்க போய்த் தொலைஞ்சீங்க?” என்றாள். காதில் தேன் வந்து பாய்ந்தது மாப்பிள்ளை. ஆகவே நீங்கள் வரவேண்டாம், எதையும் கழற்றவும் வேண்டாம். பசை போதவில்லை, மறுபடி தெருமுனைக்குக் கிளம்புகிறேன்.