ஏழாவது கட்டத்தில் போட்ட என்.ஏ.

ஓசூர்,
டிசம்பர் 15

பாரூரில் வசிப்பவரும், என்னைவிட நாலு வயசு மூத்தவரும், அதை ஒருநாளும் என்னை மறக்கவிடாதவருமான அண்ணன் ராயப்பன் அவர்களுக்கு,

தம்பி சின்னப்பன் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நான், சவுரியம்மா, அவளுடைய முழங்கால் வலி ஆகிய மூவரும் ஆண்டவர் கிருபையால் சௌக்கியம். அங்கே நீங்கள், அண்ணி, கரும்பு, மாடு எல்லாரும் சுகம்தானா? மூன்று வருஷமாகக் கேட்காதவன் இப்போது கேட்கிறானே என்று நினைக்க வேண்டாம். நான் ஒன்றும் சமாதானம் பேச வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருவருகைக் காலம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்தில், "வர்றவரு வர்றாரு, நீங்க ரெடியா?" என்று கேட்டார். முப்பத்திரண்டு வருஷம் கம்பெனியில் குவாலிட்டி பார்த்து ரிட்டையர் ஆனவனிடம் இப்படிக் கேட்டால் சும்மா இருப்பேனா? கம்பெனியைச் சோதிக்க ஜப்பான்காரன் வருகிறான் என்றால் ஒரு மாதம் முன்பே தரையில் மஞ்சள் கோடு போட்டு, மெஷினுக்கு அடியில் படுத்துத் துடைத்த கை இது. வீட்டுக்கு வந்ததும் ஒரு செக் ஷீட் போட்டுவிட்டேன். தலைப்பில் 'வருகை: டிசம்பர் 25' என்று பெரிய எழுத்து, கீழே பத்து கட்டம். தினமும் செபமாலை, டிக். டீக்குச் சர்க்கரை நிறுத்தம், டிக். கோபம் குறைப்பு, அதுவும் டிக், ஆனால் சவுரியம்மா அதில் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஏழாவது கட்டம், 'யாரோடும் மனத்தாங்கல் இல்லை'. அதில் என்.ஏ. என்று போட்டேன். இந்தக் கேள்வி எனக்குப் பொருந்தாது என்று அர்த்தம், கம்பெனியில் அப்படித்தான் எழுதுவோம். எழுதி வாசல் கதவில் ஒட்டினேன். ஒட்டியிருக்கக் கூடாது.

கீழ் வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கார அம்மா மங்கம்மாவுக்குத் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் பேச வரும், மூன்றும் படிக்க வராது. துணி காயப்போட மாடிக்குப் போகும்போது ஷீட்டைப் பார்த்துவிட்டு மருமகள் அனிதாவைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் தலைப்பை மட்டும் படித்துவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடிவிட்டது. மங்கம்மா நேரே எங்கள் கதவைத் தட்டினார். லாரித் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற வீடு, விருந்தாளி என்றால் முகம் சுருங்கும், இன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "ஏமண்ணா, மூணு வருசமா உங்க வூட்டுக்கு ஒரு சொந்தக்காரங்க எட்டிப் பாக்கல. இப்பவாச்சும் வர்றாங்களே! மொட்ட மாடி ரூமு சும்மாதான கெடக்குது, அங்க தங்கட்டும். தண்ணிய நான் பாத்துக்கறேன்." நான் வாயைத் திறப்பதற்குள் இறங்கிப் போய்விட்டார். மறுநாள் வெள்ளையடிக்க ஆள் வந்தாச்சு. அதற்கு மறுநாள் கட்டில் வந்தாச்சு. ஓசூர் குளிர் தாங்காது என்று இரண்டு கம்பளி வேறு. "வர்றவருக்கு ராகிக் களி ஒத்துக்குமா, சோறே ஆக்கிறலாமா?" என்று தினம் ஒரு விசாரணை. சவுரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். வருகிறவர் மாட்டுத் தொழுவத்திலேயே சமாளித்துக்கொண்டவர் என்று இனிமேல் நான் எப்படிச் சொல்லுவேன்?

இந்தக் கூத்துக்கு நடுவே சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஷீட்டைக் கையோடு கொண்டுபோய்ப் படித்தேன். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏழுல என்னாங்க போட்டிருக்கீங்க?" என்றார்.

"என்.ஏ. சாமி."

"கூடப்பொறந்தவங்க யாரும் இல்லீங்களா?"

மாட்டிக்கொண்டேன். "ஒரு அண்ணன் இருக்கறாரு சாமி. அவரு மக கல்யாணத்துல, மேடையில போட்டோ எடுக்கறப்ப, அத்தன பேரு முன்னால 'கொஞ்சம் தள்ளி நில்லுடா'ன்னு சொல்லிட்டாரு."

"அப்பறம்?"

"தள்ளித்தான் நிக்கறேன் சாமி, மூணு வருசமா."

பாவசங்கீர்த்தனக் கூண்டின் வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் இருமினார். அது சிரிப்பை மறைக்கிற இருமல், எனக்குத் தெரியாதா என்ன? போனில் பேசினால் சண்டையில் முடியும், கடிதமாகவே எழுதுங்கள், அதுதான் உங்களுக்குப் பரிகாரம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆகவே அண்ணன் அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், வெள்ளையடித்த அறை அன்றைக்குக் காலியாகக் கிடந்தால் மங்கம்மா முகத்தில் நான் விழிக்க முடியாது. அந்த ஒரே காரணத்துக்காக 24ஆம் தேதி காலையிலேயே நீங்களும் அண்ணியும் புறப்பட்டு வரவும். கிருஷ்ணகிரியில் பஸ் மாறினால் ஒரு மணி நேரத்தில் ஓசூர். இரண்டு நாள் இருந்தால் போதும், அதற்கு மேல் தண்ணீர் தாங்காது. போட்டோ பேச்சை நானும் எடுக்க மாட்டேன், நீங்களும் எடுக்க வேண்டாம். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டியதில்லை. கேட்டால் வேண்டாமென்று சொல்ல மாட்டேன்.

அண்ணிக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர். ஆரோக்கிய மாதா உங்கள் சர்க்கரையைக் குறைத்து, நாக்கில் கொஞ்சம் சர்க்கரையைக் கூட்டி வைப்பாளாக.

இப்படிக்கு,
இன்னும் தள்ளியே நிற்கும் தம்பி
சின்னப்பன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் சவுரியம்மா வாங்கிப் படித்துவிட்டு, "பாவசங்கீர்த்தனம் பண்ணி ரெண்டு நாளு ஆவல, அதுக்குள்ள இத்தன பொய்யா?" என்று கேட்டுவிட்டாள். அதனால் உண்மையை எழுதிவிடுகிறேன். மங்கம்மா அன்றைக்கு உடனே இறங்கிப் போகவில்லை. "வர்றது யாருண்ணா?" என்று நின்று கேட்டார். ஏசு சாமி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எங்கண்ணன்" என்று வந்துவிட்டது. மாற்றிச் சொல்ல மனசு வரவில்லை. கட்டில்கூட நான்தான் கேட்டு வாங்கிப் போட்டேன், தரையில் படுத்தால் உங்களுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். கல்யாணத்தன்று நான் பொண்ணையே மறைத்துக்கொண்டு நின்றேன் என்பதும் எனக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும். இரண்டு நாள் கணக்கெல்லாம் வேண்டாம், இருக்கிறவரைக்கும் இருங்கள். வந்துருங்கண்ணா. நீங்க வந்துட்டாப் போதும், வர்றவரு உங்க பின்னாலயே வந்துருவாரு.