பதினொரு மில்லி ஊர்ப்பாசம்

நாட்டுப்பற்றை மில்லிலிட்டரில் அளந்த முதல் நகரம் விருத்தாசலம். உலகம் இதைத் தாமதமாகத்தான் உணரும். அளந்தவள் நான். பி.எஸ்சி. வேதியியல்.

முறை எளிது. சொந்த ஊரை நினைத்து அழ வேண்டும். கண்ணீரை நம்மூர்ச் சூளையில் சுட்ட பீங்கான் கிண்ணத்தில் பிடிக்க வேண்டும். ஒரு மில்லிக்கு மேல் வந்தால் ‘மண்ணின் மைந்தர்’ சான்றிதழ். வராவிட்டால், குடியிருக்கும் வீடு சான்றிதழ் உள்ளவருக்கு மாற்றப்படும். பற்றில்லாதவருக்கு மண் எதற்கு என்று கேட்டார், ‘மண்பற்று மேம்பாட்டுக் குழு’வின் தலைவர் கோதண்டபாணி.

முதலில் அமெரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்த நந்தகுமார்.

“ஜங்ஷன்ல எறங்கினதுமே அந்த வெயிலு, அந்தப் புழுதி…” என்று ஆரம்பித்தார். நான்கு மில்லி. ‘மணிமுத்தாறு’ என்றேன். இன்னும் ஒரு மில்லி. ஆற்றில் இல்லாத தண்ணீர் அவர் கண்ணில் இருந்தது.

“சீக்கிரம் எழுதும்மா, நாளைக்கு ஃப்ளைட்டு” என்றார்.

அடுத்து காசியம்மாள். பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுபவர். பிறந்த வீடும் புகுந்த வீடும் அடுத்தடுத்த தெரு.

“அழுவுங்கம்மா.”

“எதுக்கு கண்ணு?”

“ஊர நெனச்சு.”

“ஊர்லதான இருக்கறேன்? இருக்கற எடத்த எப்டி நெனைக்கறது?”

கோதண்டபாணி அதிர்ந்தார். “ஏம்மா, இந்த மண்ணு மேல ஒனக்குப் பாசமே இல்லியா?”

“டெய்லி அதத்தாங்க கூட்டி அள்றேன். வூட்டுக்குள்ள அம்மாம் மண்ணு வருது.”

வெங்காயம் உரித்துத் தரலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

“பெல்லாரி வெங்காயமா? வெளிமாநிலக் கண்ணீர் செல்லாது” என்றார் தலைவர்.

0.0 என்று எழுதினேன். துல்லியம் முக்கியம்.

குழு இரண்டு மணி நேரம் கூடியது. காசியம்மாளைத் தண்டிக்கக் கூடாது என்பதில் அனைவரும் உறுதியாக இருந்தனர். ஊரை விட்டுப் போகாததால்தான் அவருக்குப் பற்று வளரவில்லை. ஆகவே உதவி செய்வதென்று ஒருமனதாகத் தீர்மானம்.

“கொஞ்ச நாளு வெளியூர்ல இருந்து பாரும்மா. தானா வரும்” என்றார் தலைவர்.

“என் வூடு?”

“அத நெனச்சுதான அழுவப் போற?”

வீடு நந்தகுமாருக்கு ஒதுக்கப்பட்டது. அவர் சாமி படம் மாட்டி, பூட்டி, சாவியோடு விமானம் ஏறினார்.

நான்காம் நாள் மறுபரிசோதனை. சேத்தியாத்தோப்பு பஸ் நிறுத்தத்தில் மூட்டைமேல் காசியம்மாள் உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்கத் தேவைப்படவில்லை. கிண்ணத்தை நீட்டினேன். பதினொரு மில்லி. குழுவின் வரலாற்றில் முதலிடம்.

நேரில் பாராட்ட வந்திருந்த கோதண்டபாணி சால்வை போர்த்தினார்.

“அதான் அழுதுட்டேனே, வூட்டக் குடுங்க சார்.”

“குடுத்தா அழுகை நின்னுடுமேம்மா! அப்பறம் சான்றிதழ ரத்து பண்ணணும்.”

சான்றிதழைக் கையில் தர விதியில்லை. சொந்த ஊர் முகவரிக்குத்தான் பதிவுத் தபாலில் போக வேண்டும். அனுப்பினேன்.

‘கதவு பூட்டியிருக்கிறது’ என்று எழுதித் திரும்பி வந்தது.