கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

இனி அந்த மாத்திரையை விழுங்குவதில்லை என்று இரும்புக்காரர் முடிவெடுத்துவிட்டார். கை சீக்கிரம் ஆறிவிட்டால் அவர் கதி என்ன ஆவது?

பழைய இரும்புக் கடையில் மெஷின் பெல்ட் அவருடைய முன்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். "சரக்கு என்னுது, பில்லு மட்டும் உங்களுதா?" என்று டாக்டரிடமே கத்திய மனிதர் அவர். தோல் ஆற உதவியாக இருக்கட்டும் என்று டாக்டர் ஆரஞ்சு ருசியில் வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அதில்தான் வந்தது வினை. வருஷக்கணக்காக அந்த வீட்டில் அவருக்குப் பதில் சொன்னது மனைவியின் தையல் மெஷின் மட்டும்தான். அவர் கத்துவார், அவள் மிதிப்பாள். இப்போதோ தினமும் காலையில் முன்னறையில் மெஷினை நிறுத்திவிட்டு, அதன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்காருகிறாள். மாத்திரை, ஜூஸ், "வலிக்குதா?" என்று ஒரு கேள்வி. அந்த ஸ்டூல் முன்னறைக்குத் திரும்பிவிட்டால் அவர் சுவரோடுதான் பேச வேண்டும்.

ஆகவே மாத்திரை கன்னத்தில் ஒதுங்கியது. அவள் திரும்பியதும் தலையணை உறைக்குள் போனது. ராத்திரியில் எறும்பு கடித்தது. பொறுத்துக்கொண்டார்.

பாழாய்ப்போன கை ஜம்மென்று ஆறிவிட்டது.

"மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்காம், டாக்டர் சொன்னாரு" என்றாள்.

"மண்ணாங்கட்டி! நான் எங்கடி முழுங்கினேன்?" என்று தலையணை உறையை உதறினார்.

"ரெண்டாம் நாளே பார்த்துட்டேன். அன்னையிலேருந்து உங்க வாயில போட்டதெல்லாம் ஆரஞ்சு மிட்டாய். மாத்திரையை டாக்டர்கிட்ட கேட்டுப் பொடி பண்ணி ஜூஸ்ல கலந்துட்டேன்."

இரும்பைச் சுண்டிப் பார்த்தே தரம் சொல்பவர், வாயிலிருந்த மிட்டாயில் கோட்டை விட்டுவிட்டார்.

"அப்போ மிட்டாய் குடுக்கவா தினமும் வந்து உட்கார்ந்தே?"

"மெஷின் மட்டும் என் பேச்சைக் கேக்குதாக்கும்?" என்று ஸ்டூலைத் தூக்கினாள்.

அவர் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையான பேரத்தை எடுத்தார்.

"தினமும் ஒரு மணி நேரம் உட்காரு."

"பத்து நிமிஷம்."

"அநியாயம்! முக்கால் மணி!"

"கத்தினா அதுவும் கட்."

"கத்தலை தாயே. அரை மணி."

ஸ்டூலைக் கீழே வைத்தாள். "சரி, அரை மணி. ஆனா பேசறது நான் மட்டும்."

வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கன்னத்தில் ஒதுக்க ஒரு மிட்டாய்கூட மிச்சமில்லை.