சிரிக்கக் கூடாத பல் டாக்டர்

உங்களுக்கே தெரியாத உங்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பதற்கென்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பாட்டுக்கு நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி, ஒரு போட்டோவுக்கு நிற்கும்போது, இரண்டு கை விரல்களையும் சதுரமாகக் கோத்து, அதன் வழியே ஒற்றைக் கண்ணால் உங்களை அளந்து, உச்சுக் கொட்டி, "இது நீங்க இல்லையே" என்பார்கள். பின்னே யாராம்? கேட்டுவிடாதீர்கள். சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

நம் பல் டாக்டரின் அண்ணன் இந்த இனத்தில் முதல் தரம். விளம்பரக் கம்பெனியில் கலை இயக்குநர். யாருக்கு என்ன உடுப்பு, எந்தப் பக்கம் வெளிச்சம் என்று தீர்மானிப்பது அவர் வேலை. அந்த வேலையை ஆபீசோடு விட்டுவிட்டு வருகிற பழக்கம் அவரிடம் கிடையாது. சொந்த மாமனாரின் ஆழ்மனதில் ஒரு மாலுமி ஒளிந்திருப்பதாகக் கண்டுபிடித்து, கோடு போட்ட பனியனை மாட்டிவிட்டுக் குடும்பப் படத்தில் உட்கார வைத்தவர். மாமனாருக்கு பஸ்ஸில் போனாலே வாந்தி வரும். ஆழ்மனதில் யார் ஒளிந்திருந்தாலும் அண்ணன் படமெடுக்கிற முகம் மட்டும் ஒன்றேதான்: பாதியில் நிழல், மீதியில் சோகம்.

தங்கை, பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி வேலையை உதறிவிட்டு, தெருமுனையில் குழந்தைகளுக்கான பல் கிளினிக் திறந்தாள். பிள்ளைகள் வந்தால்தான் பிழைப்பு. வராவிட்டால் விட்ட வேலையைக் கேட்டு அசடு வழியப் போய் நிற்க வேண்டியதுதான். வாசல் பலகைக்கு அவள் படம் வேண்டியிருந்தது. வீட்டிலேயே அண்ணன் இருக்கும்போது வெளியாளிடம் போவார்களா? போயிருக்கலாம்.

அவள் ஆசையாக மஞ்சள் உடுப்பில் வந்து நின்றாள்.

"மாத்திட்டு வா. மஞ்சள் உன் பயத்தை மறைக்குது."

"எனக்கு என்னண்ணா பயம்?"

"அதைத்தான் தேடப் போறோம்."

தேடியதில் கழுத்துவரை மூடிய கறுப்பு அங்கி ஒன்று கிடைத்தது. தலைமுடியை நனைத்துப் பின்னால் இழுத்து ஒட்டினார். கையில் பல் பிடுங்கும் இடுக்கியைக் கொடுத்தார். கேமராவைப் பார்த்ததும் அவள் வழக்கம்போல் சிரித்தாள்.

"சிரிக்காதே. சிரிப்பு ஒரு முகமூடி."

"அண்ணா, நான் பல் டாக்டர்."

"அது நீ செய்யற தொழில். நான் எடுக்கறது உன்னை."

"குழந்தைங்க வரணும்ணா..."

"வரட்டும். உன் உண்மையைப் பார்த்துட்டு வரட்டும்."

சின்ன வயதிலிருந்தே அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசிப் பழகாதவள். ஆளுயரப் பலகை ஏறிவிட்டது. இருட்டுக்குள்ளிருந்து பாதி முகம் எட்டிப் பார்க்க, இடுக்கி மட்டும் பளபளவென்று மின்னியது. அண்ணன் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கண்கலங்கினார். "இன்னிக்குத்தான் என் தங்கச்சியை முதல் தடவையா பார்க்கறேன்."

ஊரும் முதல் தடவையாகப் பார்த்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் தெருவைத் தாண்டி எதிர்ச்சாரிக்கு ஓடின. ஓர் அம்மா, சாப்பிட அடம்பிடித்த மகனைத் தூக்கிவந்து பலகையைக் காட்டினாள்; அவன் மளமளவென்று விழுங்கியதும் திருப்தியாகத் திரும்பிப் போனாள். உள்ளே ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை. காலி நாற்காலிகளைத் தங்கை திரும்பத் திரும்பத் துடைத்து வைத்தாள். அண்ணனைப் போனில் கூப்பிட்டு அழுதாள்.

"யாருமே வரலைண்ணா."

"உன்னை ஏத்துக்க ஜனங்களுக்கு நேரம் பிடிக்கும்."

"அதுக்குள்ள கிளினிக்கையே மூடிடுவேன்!"

அண்ணன் நேரில் வந்தார். நடைபாதையில் நின்று விரல்களைச் சதுரமாக்கி, பலகையை நெடுநேரம் பார்த்தார். "இடுக்கி இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்திருக்கலாம்" என்றார்.

அவளுக்கு அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, கடைவாய்ப்பல் வரை தெரியச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற அவள் கணவர் அதைப் போனில் எடுத்துவிட்டார். கலங்கலான படம், ஓரத்தில் பாதி துடைப்பம் வேறு. அண்ணனைக் கேட்காமலேயே அவள் அதைப் பலகையில் ஏற்றினாள். வாழ்க்கையில் முதல் தடவை.

எதிர்ச்சாரிக்கு ஓடிய பிள்ளைகள் இந்தப் பக்கமே நடக்கத் தொடங்கின. ஒரு வாண்டு உள்ளே வந்து, ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக் காட்டி, "சிரிக்கிற டாக்டர் எங்க?" என்று கேட்டது. அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அண்ணன் தோற்றுப்போனார் என்றா நினைக்கிறீர்கள்? அவர் ஆபீசில் போய் விசாரியுங்கள். "அத்தனை நாள் அவளைச் சிரிக்க விடாம அடக்கி வெச்சேன். இல்லேன்னா அப்படி ஒரு சிரிப்பு வருமா?" என்று விளக்கிக்கொண்டிருப்பார். துடைப்பம்கூட அவர் வைத்ததுதானாம்.

நல்லவேளை, நமக்கு இந்த வியாதி இல்லை என்று நீங்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. சந்தோஷம். உங்கள் போனைக் கொஞ்சம் எடுங்கள். ஜன்னலோரம் நின்றுகொண்டு, யாரோ உங்களுக்குத் தெரியாமல் எடுத்துவிட்டதுபோல், வெளியே எதையோ பார்த்து யோசித்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்தப் படம். அதை வீட்டில் இருப்பவரை எத்தனை தடவை திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த ஜன்னலுக்கு வெளியே அப்படி என்னதான் இருந்தது? அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.