கன்னையன் மைக்கில் சொன்ன கதை

திரையில் அந்த வெள்ளைக்காரப் பெண் தன் சட்டையில் தைத்திருந்த பச்சைத் துணியைப் பிய்த்து எறிந்தாள். மைக்கைப் பிடித்திருந்த கன்னையன் மாடியை நிமிர்ந்து பார்த்தான்.

போடியில் இங்கிலீஷ் படம் ஓடினால், திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்வது அவன் வேலை. அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது வேறு விஷயம். படத்தைப் பார்த்து உத்தேசமாகச் சொல்வான். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

இன்றைக்கு மாடியில் தியேட்டர் முதலாளி உக்கிரபாண்டி மகள் சந்திரவல்லியோடு உட்கார்ந்திருந்தார். தேவாரம் ஊரிலிருக்கும் அத்தை மகனைக் கட்டமாட்டேன் என்று அவள் சோறு தின்னாமல் கிடந்தாள். இந்தப் படத்தின் பாதிக் கதையை யாரோ சொல்லக் கேட்டு, அவளுக்குப் புத்தி வரட்டும் என்று இழுத்து வந்திருந்தார். படத்தில் வரும் ஊரில் பதினெட்டு வயதானால் அதிகாரிகள் சட்டையில் ஒரு கலர் துணி தைத்துவிடுவார்கள். என்ன வேலை, யாரோடு கல்யாணம் எல்லாம் அந்தக் கலர்தான்.

“ஏலக்காயச் சல்லடையில போட்டுப் பிரிக்கிறாப்புல பிரிக்கிறான் பாத்தியா ஆத்தா! இதுல்ல ஒழுங்கு!” என்று இடைவேளை வரை பூரித்துப்போயிருந்தார்.

துணி கிழிந்ததும் மாடியிலிருந்து ஒரு செருமல் வந்தது.

“அழுக்காயிருச்சு, வெளுக்கப் போட்டுருக்கா,” என்றான் கன்னையன் அவசரமாக.

திரையில் அவள் ஓர் அதிகாரியைப் பளாரென்று அறைந்தாள்.

“கொசு,” என்றான்.

பெஞ்சு டிக்கெட்டில் சிரிப்பு வெடித்தது. பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிக்கும் முனியாயி ஓடிவந்தாள்.

“அண்ணே, அந்தப் புள்ள பெரியவுக பேச்சக் கேட்டுக் கல்யாணம் கட்டிக்கிட்டதா முடிக்கணுமாம். இல்லேன்னா நாளையிலருந்து வரவேணாம்னு மொதலாளி சொல்லச் சொன்னாக.”

அதற்குள் திரையில் அந்தப் பெண் மதில் ஏறிக் குதித்துவிட்டாள்.

“மாமியா வீட்டுக்குப் போறா,” என்றான். “குறுக்குவழி.”

துப்பாக்கியோடு பட்டாளம் துரத்தியது.

“அண்ணன் தம்பிமாரு சீர் கொண்டாந்துக்கிட்டுப் பின்னாலயே ஓடியாறாக.”

துப்பாக்கி வெடித்தது.

“வேட்டுப் போடுறாக!”

வறண்ட தொண்டைக்குச் சுக்குக் காப்பி கொண்டுவந்தாள் அவன் மகள் சுப்புத்தாய். அவளை முதலாளியின் எஸ்டேட் கங்காணி பால்சாமிக்கு இரண்டாம் தாரமாகப் பேசி முடித்திருந்தான். பால்சாமிக்கு ஆத்தா இல்லை. மாமியார் தொல்லை இல்லாத வீடு என்று சொல்லியே மகளின் வாயை அடைத்திருந்தான்.

“யப்பா, நெசமாவே அந்தப் புள்ள எங்கதான் போகுது?”

“அதான் சொல்றேன்ல, மாமியா வீட்டுக்கு. போ, சோலியப் பாரு.”

அவள் திரையை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனாள்.

கடைசியில் கதாநாயகி தன்னந்தனியாக ஒரு லாரியில் ஏறிச் சிரித்துக்கொண்டே மலைப்பாதையில் மறைந்தாள். கன்னையன் வியர்வையைத் துடைத்தான்.

“மாமியா வீட்டுக்குப் போற புள்ள சிரிச்ச மொகமாப் போகுது. சுபம்!”

விளக்கு எரிந்தது. முதலாளி மகளோடு இறங்கி வந்தார். சந்திரவல்லியின் கண்கள் சிவந்திருந்தன.

“கண்ணு முன்னால நடக்குறதையே மாத்திச் சொல்ல வைக்கிறீக. நான் சொல்லியா கேக்கப்போறீக? கட்டிக்கிறேன்.”

முதலாளி காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

“கன்னையா, நீ இருக்குற வரைக்கும் இந்த மைக்கு ஒனக்குத்தான்டா! ஒன் மக கல்யாணத்தையும் நானே நடத்தி வைக்கிறேன்.”

சந்திரவல்லியின் முகத்தைப் பார்க்கக் கன்னையனுக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான். வேலை தப்பித்த சந்தோஷத்தில் அதுவும் மறந்துபோயிற்று. விஷயத்தை மகளிடம் சொல்ல வாசலுக்கு ஓடினான். முனியாயி காலி டம்ளரை நீட்டினாள்.

“சுப்புத்தாய எங்க?”

“இப்பத்தான் மருதைக்குப் போற பஸ்சுல ஏறுச்சு, சிரிச்ச மொகமா. தனியா எங்கத்தா போறேன்னு கேட்டேன், மாமியா வீட்டுக்குன்னு சொல்லிட்டுப் போயிருச்சுண்ணே.”