நாம நைனாவும் ஹாஸ்டல் குழாயும்

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தை உருப்படியாகப் புரிந்துகொண்டவர் எங்கள் கல்லூரியில் ஒரே ஒருவர்தான். அவர் ஹாஸ்டலுக்கு மீன் போட்டவர். அந்தப் பாடத்தை நடத்தச் சம்பளம் வாங்கிய எனக்கு அது விளங்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் நாம நைனா. நெற்றியில் நாமமெல்லாம் கிடையாது. தோணிரேவுக்காரர், பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிறவர். அந்தப் பெயர் வந்த கதையை முதலில் சொல்கிறேன்.

அன்று அரசியலமைப்பு தினம். வாசலில் செல்ஃபி எடுக்க அட்டையில் ஒரு பாராளுமன்றம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சமோசா. குடிமை மன்றப் பொறுப்பாளன் என்ற முறையில் முகவுரையை அச்சுக்குக் கொடுத்தவன் நான். சரிபார்க்காதவனும் நானே. கல்லூரி முதல்வர் மைக்கில் முழங்கினார்: “இந்திய மக்களாகிய நாங்கள்...”

“நிறுத்துய்யா!” என்று ஒரு குரல். பின்வாசலில் ஐஸ் பெட்டியோடு நைனா நின்றார்.

“நாங்கன்னா யாரு? நீயும் ஒன் ஆளுங்களுமா? அப்போ நான் இன்னா, ஆந்திராவா?”

“ஆந்திராவும் இந்தியாதான்யா,” என்றார் முதல்வர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“அப்போ அவனையும் சேத்துக்கோ!”

அரங்கமே சிரித்தது. நான் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினேன். ‘நாம்’ என்றுதான் இருந்தது. அன்றிலிருந்து வளாகத்தில் எவராவது ‘நாங்க’ என்று வாயைத் திறந்தால் தொலைந்தார்; “நாமன்னு சொல்லு!” என்று பிடித்துக்கொள்வார், நாம நைனா ஆனது அப்படித்தான். “நாங்க சாப்ட்டோம்” என்று சொன்ன பாவத்துக்கு ஒரு மாணவி அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இலக்கணப்படி அவள் சொன்னது சரி என்று சொல்லப்போன தமிழ்ப் பேராசிரியருக்கும் கிடைத்தது.

ஆனால் அவர் கோபத்துக்குக் காரணம் இலக்கணம் இல்லை. ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். நைனாவுக்குப் பாடு வந்த இடத்தில்தான் எங்கள் ஹாஸ்டலின் கழிவுக் குழாய் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. காத்திருந்து காத்திருந்து முறை வந்த நாளில் அவர் வலையில் ஏறியது செத்த இறாலும் சோப்பு நுரையும்தான். உள்ளே சமத்துவம், சகோதரத்துவம் என்று கைதட்டல். வெளியே அந்த மனிதரின் சோற்றில் எங்கள் கக்கூஸ் தண்ணீர். த்தூ!

முதல்வரிடம் நாலு முறை போய்ச் சொல்லிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். ஊராட்சியில் ஓட்டு உள்ளவர்கள் கிராம சபையில் பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம் என்று விளக்கினேன்.

“நீ எங்க சார் ஓட்டு போடுற?”

“அனுப்பம்பட்டுல.”

“தண்ணி குடிக்கிறது இங்க, கலீஜ் பண்றது இங்க, ஓட்டு மட்டும் அனுப்பம்பட்டா?”

அந்த வாரமே கல்லூரிக் குடியிருப்பு முகவரிக்கு என் ஓட்டை மாற்றிக்கொண்டேன். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் இங்கேயே பெயர் சேர்க்கலாம் என்று தெரிந்ததுதான் தாமதம், மனிதர் மீன் கூடையிலேயே படிவங்களை அடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். மடவை மீன் வாசனையோடு தாலுகா ஆபீசுக்குப் போன படிவங்கள் இந்தியாவிலேயே அவைதான்.

“கேம்பஸுக்குள்ள அரசியல் கூடாது,” என்று முதல்வர் அவரிடம் மீன் வாங்குவதை நிறுத்தினார். அரசியல் சாசனம் வேண்டுமாம், அரசியல் மட்டும் கூடாதாம்! நைனா கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். காவலாளி விரட்டினால், “நான் நாட்டுல நிக்கிறேன், ஒன் கேட்டுலயா நிக்கிறேன்? போய்யா!” என்பார்.

சுதந்திர தினத்தன்று கிராம சபை கூடியது. பிள்ளைகள் வாக்காளர் அட்டையோடு வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள்.

“நீங்கள்லாம் வெளியூருப் புள்ளைங்க, உங்களுக்கு இங்க இன்னா வேலை?” என்றார் ஊராட்சித் தலைவர்.

ஒரு மாணவி எழுந்தாள். “எங்க ஓட்டு இங்கதான் சார் இருக்கு. அடுத்த தடவையும் நீங்கதானே நிக்கப் போறீங்க?”

தலைவர் உட்கார்ந்துவிட்டார். கழிவுநீரை ஏரியில் விடக் கூடாது என்று தீர்மானம் வாசிக்கப்பட்டது. கையெழுத்து நோட்டு என்னிடம் வந்தது. முந்தின நாள்தான் முதல்வர் கூப்பிட்டு, கையெழுத்துப் போட்டால் ஒப்பந்த வேலை அத்தோடு சரி என்று சொல்லியிருந்தார். பேனாவைத் திறந்து, மறுபடி மூடினேன்.

“போடு சார்! பேனா இன்னா கடிச்சிடுமா?” என்று நைனா கத்தினார்.

போட்டேன். ஒரே மாதத்தில் குழாயை அடைத்தார்கள். அதற்கு முன்பே என்னை அனுப்பிவிட்டார்கள்.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது நைனா கொதித்துக்கொண்டு வந்தார். “ஒனக்கு அறிவுகீதா சார்? நான் கத்துனா கையெழுத்துப் போட்டுடுவியா? ரெண்டு புள்ளைய வச்சிக்கினு வேலைய வுட்டுட்டு நிக்கிறியே!”

“நீங்கதானே நைனா போடச் சொன்னீங்க?”

“நான் ஆயிரம் சொல்லுவேன்! எனக்கு ஏரி கீது. ஒனக்கு இன்னா கீது?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கட்டிலைத் தானே தூக்கி வேனில் ஏற்றினார். கயிற்றைச் சரியாகக் கட்டவில்லை என்று டிரைவரையும் ஒரு பாட்டம் திட்டினார்.

வேலை போனதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த மனிதர் திட்டாத ஊருக்குப் போகிறோமே என்றுதான் வண்டியில் ஏற மனசு வரவில்லை.